ஓட்டத் தெரியும், லெசன்தான் இல்லை!

அண்மையில் ஒரு திருமண விருந்தில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்திக்க நேர்ந்தது. பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று பயில்கிறான். பள்ளி வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவு என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போய் வருகிறான் என்று கேட்டேன். "மோட்டர்லதான் டீச்சர். நல்லா ஓட்டுவான். லெசன்தான் இன்னும் எடுக்கல" என்றார்.

அவர் குரலில் கூச்சமும் இல்லை, அச்சமும் இல்லை. மகன் சிலம்பம் நன்றாகச் சுற்றுவான் என்று சொல்லும் தாயின் பெருமிதமே இருந்தது. அந்த மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருந்தோம். அவர்களுள் இருவர் ஆசிரியர்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

"ஓட்டத் தெரியும், லெசன்தான் இல்லை." இந்த வாக்கியத்தை நம் மக்களிடம் எத்தனை முறை கேட்டிருப்போம்! தாமான்களிலும் தோட்டங்களிலும் கோவில் திருவிழாக்களிலும் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளிலும் இது புழங்குகிறது. உரிமம் என்பது ஏதோ அரசாங்கம் கேட்கும் காகிதம், ஓட்டும் திறமை வேறு, அது பிள்ளைக்கு எப்போதோ வந்துவிட்டது என்பது இதன் பொருள். இதில் 'இன்னும் எடுக்கவில்லை' என்ற சொல்லை வேறு கவனியுங்கள். படிவம் மூன்று மாணவனுக்கு வயது 15. நம் நாட்டில் 16 வயது நிரம்பாதவர் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டக்கூடாது என்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. ஆகவே அவன் இன்னும் எடுக்காமலிருக்கவில்லை. அவனால் எடுக்கவே முடியாது!

அது மட்டுமா? அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, உரிமமின்றி ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. உரிமமில்லாத ஒருவரை ஓட்டுவதற்கு அனுமதிப்பவரும் குற்றவாளியே. சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டுக் காலை வேலைக்குக் கிளம்பும் தந்தையும், "பார்த்துப் போடா" என்று வாசலில் நின்று வழியனுப்பும் தாயும் அந்தப் பிரிவுக்குள் அடங்குவர். இதை எத்தனை பெற்றோர் அறிவர்?

இதையெல்லாம் பேச உனக்கென்ன தகுதி, வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் உனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என் 42ஆம் வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக, மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்தவள் நான். அதுவரை பள்ளிக்கு நடந்தே போகும் தொலைவில் குடியிருந்தேன். பணிமாற்றம் வந்தபோது பதினொரு கிலோமீட்டர் ஆயிற்று. இன்னொரு கார் வாங்க வசதியில்லை. ஆகவே 250 சி.சி.க்கு மேற்படாத மோட்டாருக்கான பி2 வகை உரிமத்திற்குப் பதிந்துகொண்டேன். (ஆங்கிலத்தில் வேறுவேறான இரண்டு எழுத்துகள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எனவே இங்கே 'பி2' என்றால் வாகன வகை, வெறும் 'பி' என்றால் புதிதாகத் தேறியவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்படும் தகுதிகாண் உரிமம் என்று கொள்க.)

முதற்கட்டம் கே.பி.பி. எனப்படும் ஆறு மணிநேர வகுப்பு. கடைவீட்டு மாடியில் ஓர் அறை. நான் உள்ளே நுழைந்ததும் பின்வரிசையில் இரண்டு தலைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. இருவரும் என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்தவர்கள். "டீச்சர், நீங்களுமா?" என்றான் ஒருவன். "பாடம் நடத்த வரவில்லை, படிக்க வந்திருக்கிறேன்" என்றேன். அவனுக்கு அது நம்பும்படியாக இல்லை. கையிலிருந்த கைப்பேசியைப் பழைய பழக்கத்தில் சட்டென்று ஒளித்துவிட்டான்!

வகுப்பு நடத்தியவர் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்டார். "சூடா பண்டாய் பாவா மோத்தோ?" மோட்டார் ஓட்ட ஏற்கெனவே தெரிந்தவர்கள் யார் என்பது பொருள். என்னையும் வேறு இரண்டு பெண்களையும் தவிர அனைவரும் கையுயர்த்தினர். பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதினர். சட்டப்படி அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் ஓட்டத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் சிரித்தார். "அப்படியானால் காகிதத்துக்காக வந்திருக்கிறீர்கள்" என்றார். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த ஆறு மணிநேரமும் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. திரையில் படங்கள் மாறின. பாதிப்பேர் உறங்கினர்.

அடுத்தது கணினித் தேர்வு. 50 கேள்விகள், தேர்ச்சி பெற 42 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். நான் தமிழில்தான் எழுதினேன். என் மாணவர்களோ மலாய்மொழியில் எழுதினர். அதிலொன்றும் தவறில்லை. அவர்களுள் ஒருவன் 46 மதிப்பெண் பெற்று வெளியே வந்தான். எனக்கு மகிழ்ச்சி. ஆசிரியைப் புத்தி சும்மா இருக்குமா? "இடப்பக்கம் திரும்பப்போகிற லாரியின் இடப்பக்கமாக ஏன் நுழையக்கூடாது, சொல் பார்க்கலாம்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அது கேள்வியில இல்ல டீச்சர்" என்றான்.

அந்த விடை என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கேள்வித்தாளில் வருவதே அறிவு, வராதது வேண்டாதது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் பழைய கேள்விகளைத் தொகுத்து, விடைகளை மனனம் செய்யவைத்து, 'ஏ' எண்ணிக்கையைப் பதாகையில் அச்சிட்டுப் பள்ளி வேலியில் தொங்கவிட்டவர்கள் நாம்தாமே? 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். நாம் ஊட்டிய பழக்கம் பிள்ளைகளோடு வளர்ந்து, இப்போது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகிறது. லாரியின் ஓட்டுநருக்குத் தன் இடப்பக்கச் சக்கரத்தருகே இருக்கும் மோட்டார் கண்ணாடியில் தெரியாது. நீண்ட லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியே வராமல் உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். இதுதான் விடை. இந்த விடை தெரியாத பையனிடம் 46 மதிப்பெண் இருந்தது.

பிறகு பயிற்சித் திடல். இங்கே நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். தரையிலிருந்து சற்றே உயர்ந்த ஒடுக்கமான பலகை போன்ற ஒரு நீள மேடை. 'தித்தி' என்கிறார்கள். அதன்மீது விழாமல், காலை ஊன்றாமல், மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டும். வேகமாகப் போனால் எளிது. மெதுவாகப் போவதுதான் வித்தை. முதல் நாள் மூன்று முறை சரிந்தேன். என் முன்னாள் மாணவன்தான் அருகில் வந்து, "டீச்சர், டயரைப் பார்க்காதீங்க. அந்தக் கடைசியில நிக்கிற மரத்தைப் பாருங்க, வண்டி தானா போகும்" என்றான். அப்படியே ஆயிற்று! கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும் என்ற உண்மையை அந்தப் பிள்ளையிடம்தான் கற்றேன். ஓட்டும் கையில் அவனுக்கு உண்மையாகவே திறமை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. பெற்றோர் பொய் சொல்வதில்லை. "நல்லா ஓட்டுவான்" என்பது மெய்தான்.

ஆனால் அந்தத் திடலில் நடப்பது என்ன? பலகையைக் கடப்பது, கூம்புகளுக்கிடையே வளைவது, சொன்ன இடத்தில் நிறுத்துவது. நான் பயின்ற இடத்தில் எல்லாம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நடந்து முடிந்தன. மூன்றாம் கியரை நான் தொட்டதே இல்லை. அட்டவணையில் சாலைப் பயிற்சி என்று ஒரு பகுதி இருந்தது. எனக்குக் கிடைத்தது தாமானைச் சுற்றி ஒரு வலம். பிள்ளையார் கோவிலை வலம் வருவதுபோல ஒரே சுற்று. கையொப்பம் மட்டும் முழு நேரத்துக்கும் வாங்கிக்கொண்டார்கள். கையொப்பமிட்டவள் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுத்திருக்கலாம். வரிசையில் பின்னால் பத்துப்பேர் நின்றார்கள், வெயில், சோர்வு... இப்படித்தான் ஒவ்வொருவரும் கையொப்பமிடுகிறோம்.

தேர்வு நாளில் பலகையின் பாதியில் என் கால் தரையைத் தொட்டுவிட்டது. தோல்வி. மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு நின்றபோது, யாரென்றே தெரியாத ஒருவர் அருகில் வந்து, மிகுந்த அக்கறையோடு, "கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த முறை கவலையே வேண்டாம் சிகு" என்றார். 'லெசன் தெர்பாங்' என்று ஊரே கேலியாகச் சொல்லும் பறக்கும் உரிமத்தின் வாசற்படி அதுதான். ஊழல் தடுப்பு ஆணையம் இதற்காக ஆட்களைக் கைது செய்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். படித்துவிட்டு, "எவ்வளவு கொடுத்தானாம்?" என்று விலை விசாரிப்பவர்களும் நம்மிடையே உண்டு. நான் மறுத்துவிட்டு, மேலும் இரண்டு சனிக்கிழமைகள் பயின்று, இரண்டாம் முறை தேறினேன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தேர்வில் தோற்ற அந்த நாள்தான் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பயிற்சி என்பதால் சொல்கிறேன். அந்த இரண்டு சனிக்கிழமைகளில் கற்றது அதற்கு முன் கற்றதைவிட அதிகம். காசு கொடுத்து அந்தத் தோல்வியைத் தாண்டியிருந்தால், மெதுவாகச் செல்லும் வண்டியைக்கூட அடக்கத் தெரியாமல் சாலைக்குப் போயிருப்பேன்.

'பி' ஒட்டியோடு முதல் நாள் பெரிய சாலைக்குப் போனேன். அப்போது தெரிந்தது நான் ஒன்றுமே கற்கவில்லை என்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடியில் நம் வகுப்பறைகள் இரண்டின் நீளத்தை வண்டி தாண்டிவிடும்! டிரெய்லர் லாரி ஒன்று கடந்துபோனபோது அதன் காற்று முதலில் வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் சாலை மிகவும் வழுக்குகிறது, தார்மீது படிந்த எண்ணெய் அப்போதுதான் நீரோடு மேலே வருகிறது என்பதைப் பின்சக்கரம் சறுக்கிய பிறகு அறிந்தேன். சாலையிலுள்ள வெள்ளைக்கோடு மழையில் சோப்புக்கட்டி போன்றது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. நம் பிள்ளைகளோ 'முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்' என்று யாரோ சொன்னதை நம்பிக் காலால் பின்பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். இவற்றை யாரிடம் கற்பது? எனக்கு 42 வயது, அச்சம் இருந்தது. அந்த அச்சம் என்னைக் காப்பாற்றியது. பதினாறு வயதில் அச்சம் எங்கே இருக்கிறது?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். உரிமம் என்ற அட்டை (இப்போது அது கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது) பயிற்சியின் முடிவன்று. உண்மையான பயிற்சி 'பி' ஒட்டியோடு ஓட்டும் அந்த இரண்டு ஆண்டுகள்தாம். அந்த இரண்டு ஆண்டுகளை நாம் பிள்ளையிடமிருந்து திருடிவிடுகிறோம். பதின்மூன்று வயதில் சாவியைக் கொடுத்துவிட்டால், பதினாறில் அவன் உரிமம் எடுக்கும்போது தன்னை மூன்றாண்டு அனுபவசாலி என்றே கருதுவான். புதியவன் என்ற நினைப்பே அவனுக்கு வராது. வகுப்பில் உறங்குவான். 'பி' ஒட்டியை ஒட்டிய மறுநாளே உரித்துவிடுவான், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று. ஆசிரியர்களே, நாம் ஒவ்வொருவரும் பணியில் சேர்ந்தபோது தகுதிகாண் காலத்தைக் கடந்து வந்தவர்கள்தாமே? அதற்காக வெட்கப்பட்டோமா? மேலதிகாரி வந்து பின்னால் அமர்ந்து நம் பாடத்தைப் பார்த்தபோது கைநடுங்கினோம், ஆனால் அதனால்தான் கற்றோம். பிள்ளையின் 'பி' காலத்தில் பின்னால் அமர்ந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? பயிற்சிப்பள்ளியின் வேலை முடிந்துவிட்டது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் வேலையும் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்கள் பெற்றோர் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், பதினைந்து வயதில் தந்தையின் கப்சாயை எடுத்துக்கொண்டு மாலை வகுப்புக்குப் போனான். சந்திப்பில் எதிரே வந்த கார் வலப்பக்கம் திரும்பியது. யார்மீது தவறு என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உரிமமில்லாதவன் ஓட்டிய வண்டி என்பதால் தந்தை எடுத்து வைத்திருந்த காப்புறுதி கைகொடுக்கவில்லை. மருத்துவமனையில் நான் பார்த்தபோது அவன் என்னிடம் கேட்டது, "டீச்சர், ஓட்டப்பந்தயப் பயிற்சிக்கு வேற யாரைப் போட்டாங்க?" என்பதே. நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்குப் பதக்கம் வாங்கித் தந்தவன். அவன் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் விதி டீச்சர்" என்று அழுதார்.

அந்தத் தாயிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் இடமன்று அது. ஆனால் தமிழாசிரியை என்ற முறையில் மற்றவர்களிடம் கேட்கிறேன்: நம் மொழியில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? சாலை விதியைக் கைவிட்டவர்கள் தலைவிதியைக் காரணம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

மோட்டாரோட்டிகளுக்காக ஒன்றுமே செய்யாத நாடன்று இது. தலைக்கவசம் 1973ஆம் ஆண்டு விதிமுறையிலேயே கட்டாயமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனித்தடம் 1970களிலேயே அமைந்தது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. இத்தனைக்கும் பிறகு 2023இல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 6,443 பேர். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டாரில் சென்றவர்கள். சாலை ஒழுங்கீனம் என்றதும் நாம் 'மாட் ரெம்பிட்' என்று பிறரைச் சுட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். இரவில் பந்தயம் விடுபவனைப் பற்றி நான் பேசவில்லை. காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிச்சீருடையில், முதுகில் புத்தகப்பையோடு, பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு போகிறானே, அந்த நல்ல பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன்.

பெற்றோர் தரப்பு நியாயத்தையும் நான் அறியாமலில்லை. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. பள்ளிப் பேருந்துக் கட்டணம் மாதாமாதம் ஏறுகிறது. சில தாமான்களுக்குப் பேருந்தே வருவதில்லை. தேர்வுக்கு மகனை அழைத்துப்போக ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போயிற்று. இவையெல்லாம் மெய்யான துன்பங்கள். பொதுப் போக்குவரத்து ஒழுங்காக இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'லெசனுக்குக் காசில்லை' என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உரிமமின்றிப் பிடிபட்டால் ஒரு சம்மனுக்கே முந்நூறு வெள்ளி போகும். பையனின் கையிலிருக்கும் கைப்பேசியின் விலை பெரும்பாலும் பி2 உரிமத்திற்கு ஆகும் மொத்தச் செலவைவிட அதிகம். உண்மையிலேயே வசதியற்ற பி40 குடும்பத்தினருக்கென்று 2022இல் 'மைலெசன்' என்ற திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு தொடங்கி, பி2 உரிமத்தை இலவசமாகவே எடுக்க வழி செய்தது. நம் மக்களில் எத்தனை பேர் அதற்கு மனுச் செய்தார்கள்? செய்தி நம்மவர்களைச் சேரவில்லை என்பார்கள். நடிகரின் படம் எந்தத் திரையரங்கில் எத்தனை மணிக்கு என்ற செய்தி மட்டும் எப்படியோ சேர்ந்துவிடுகிறது!

இனி நம் பக்கம் வருகிறேன், ஆசிரியர்களே. இடைநிலைப்பள்ளி நண்பர்களுக்கு ஒன்று தெரியும். பள்ளி வளாகத்துக்குள் மோட்டாரை நிறுத்த உரிமத்தைக் காட்ட வேண்டும் என்பதால், உரிமமில்லாத மாணவர்கள் எதிரிலுள்ள கடை ஓரத்திலும் மரத்தடியிலும் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். அந்த மரத்தடியைக் கடந்துதான் நாம் காரை உள்ளே செலுத்துகிறோம். வேலிக்கு வெளியே நடப்பது நம் பொறுப்பில்லை! தொடக்கப்பள்ளியில் நம் நிலை இதைவிட மோசம். சாலைப் பாதுகாப்புக் கல்வி 2007 முதல் தொடக்கப்பள்ளிப் பாடத்தோடு இணைக்கப்பட்டது. நாமும் நடத்துகிறோம். சாலை விளக்குப் படத்தைக் கொடுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை தீட்டச் சொல்கிறோம். மணி அடித்ததும் அதே பிள்ளை, தந்தைக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று, தலையில் ஒன்றுமில்லாமல் வாசலிலிருந்து புறப்படுகிறது. வாசலில் பணியிலிருக்கும் ஆசிரியர் கைகூப்பி "வணக்கம்" சொல்லி அனுப்பிவைக்கிறார். அந்த ஆசிரியர் பல நாள் நான்தான். மோட்டார் ஓட்டுவதற்கான முதல் பாடம் கே.பி.பி. வகுப்பில் தொடங்குவதில்லை. பெட்ரோல் தொட்டியின்மீது அமர்ந்து அப்பாவின் கைப்பிடியைத் தானும் பிடித்துக்கொள்ளும் ஏழு வயதில் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாடத்தில் தலைக்கவசம் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, உரிமமும் இல்லை.

கடந்த பருவத்தில் ஒருநாள் துணிந்து ஒரு தந்தையிடம் பேசினேன். "ஐயா, பிள்ளைக்கு ஒரு தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள், சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள், வாரை மாட்டிவிடுங்கள்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "பக்கத்திலதானே டீச்சர் வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சக ஆசிரியர் ஒருவர், "நமக்கெதற்கு வம்பு? நாளைக்கு மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போட்டுவிடுவார்" என்று எச்சரித்தார். கடிதம் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை இளஞ்சிவப்புத் தலைக்கவசத்தோடு வந்து இறங்கியது. வாரை மாட்டாமல்தான். அடுத்து அதையும் கேட்பேன்.

ஆண்டிறுதிக் கூட்டத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் நான் வைத்த கோரிக்கை மிகச் சிறியது. பதினாறு வயது நிரம்பும்வரை சாவியைத் தராதீர்கள். நிரம்பியதும் தாமதிக்காமல் அழைத்துப்போய்ப் பதியுங்கள். வகுப்பு நடக்கும்போது நீங்களும் ஒருநாள் போய்ப் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். சாலைப் பயிற்சி கொடுக்காமல் கையொப்பம் கேட்டால், இடக்கூடாது என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எவனாவது சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பிள்ளை ஒருமுறை தோற்கட்டும். தேறியபின் முதல் சில மாதங்களுக்கு மழையிலும் இரவிலும் பெரிய சாலைக்கு அனுப்பாதீர்கள். 'பி' ஒட்டியை அவன் உரித்தால் சாவியை நீங்கள் உரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து, "இதெல்லாம் பள்ளிக்கூடம் பேச வேண்டிய விஷயமா?" என்று கேட்டார். எதை எதையோ பேசும் பள்ளிக்கூடம் இதைப் பேசினால் என்ன என்று திருப்பிக் கேட்டேன். சிற்றுண்டி நேரமாகிவிட்டது என்று தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார்.

ஆயினும் மூன்று தாய்மார்கள் பின்னால் வந்து என்னிடம் பேசினார்கள். ஒருவர் தமக்கே பி2 உரிமம் வேண்டும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக உரிமமின்றிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். சாலைத்தடுப்பைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவாராம். மற்ற இருவரும் மகன்களுக்காகக் கேட்டனர். வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை நான் அவர்களோடு போகிறேன். நான் பயின்ற அந்த இடத்துக்கன்று, சாலைப் பயிற்சியைச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்த வேறோர் இடத்துக்கு. காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் கூடுகிறோம். வர விரும்பும் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளையின் அடையாள அட்டையை மறவாமல் கொண்டு வரவும். வரும்போது பிள்ளையை மோட்டாரை ஓட்டிவரச் சொல்லாதீர்கள்.